2017 வறட்சியில் மாடுகளுக்குத் தீவனம்: உங்கள் அனுபவம் என்ன?

தாராபுரத்துக்காரர்:
கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலம் வைத்திருப்பவர்களுக்கு அந்த ஆண்டைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. 2016 வடகிழக்குப் பருவமழை 62 விழுக்காடு குறைந்ததில் கொழுக்கட்டைப்புல் தூரோடு கருகிப்போக, மாடுகள் வெள்வேல மரத்தடியில் உதிர்ந்த காய்களைத் தேடித் திரிந்தன. ஜூன் 12-இல் திறக்க வேண்டிய மேட்டூர் அணையும் செப்டம்பரில்தான் திறக்கப்பட்டது. சம்பா கருகியதால், கோடைக்கு நாங்கள் நம்பியிருந்த டெல்டா வைக்கோல் கைக்கு எட்டாத விலைக்குப் போய்விட்டது. சந்தையில் வியாபாரி துண்டுக்குள் என் விரல்களைப் பிடித்து விலை சொன்னபோது, என் காங்கேயம் பசு, பக்கத்து வண்டியடியில் சிதறிக் கிடந்த வைக்கோலை மண்ணோடு சேர்த்து நக்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த பின் பேரம் பேச எனக்கு வாய் வரவில்லை; சொன்ன விலைக்கே பசுவை விற்றுவிட்டேன்.

கரூர் மானாவாரி:
விற்றதே சரி, அண்ணா. அதே கோடையில் எங்கள் பக்கத்துத் தோட்டத்துப் பசு, பசி தாங்காமல் கயிற்றை அறுத்துக்கொண்டு போய், முழங்கால் உயரத்தில் வாடி நின்ற சோளப்பயிரை மேய்ந்துவிட்டது. சிறிது நேரத்தில் மூச்சுத் திணறி, நுரை தள்ளி, கால்களை உதைத்துக்கொண்டு விழுந்தது. கால்நடை மருத்துவர் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வாடிய இளஞ்சோளத்தில் சயனைடு நஞ்சு மிகுந்திருக்கும். பூத்த பிறகு அறுத்து, நன்றாகக் காயவைத்த சோளத்தட்டையே போட வேண்டும்.

காங்கேயம் மேய்ச்சல்:
விற்றதே சரி என்று கரூர் நண்பர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. கலப்பினக் கறவையை மறுபடியும் வாங்கிக்கொள்ளலாம்; தலைமுறையாக வளர்த்த நாட்டுப் பசுவின் வழி அறுந்தால் எங்கே போய் வாங்குவது? நாங்கள் கரும்புத் தோகையை நறுக்கிப் போட்டே எங்கள் பசுக்களைக் காப்பாற்றினோம். இப்போதெல்லாம் ஒரே நாளில் கொட்டித் தீர்த்துவிட்டு அடுத்த மழை வாரக்கணக்கில் தள்ளிப்போவதால், முளைத்த புல் விதை பிடிப்பதற்குள் காய்ந்துவிடுகிறது. ஆகவே மழை பெய்த ஆண்டிலேயே காய்ந்த சோளத்தட்டை அடுக்கித் தட்டுப்போர் போட்டு வையுங்கள். சத்துக் குறைந்த வைக்கோலாக இருந்தால், 100 கிலோவுக்கு 4 கிலோ யூரியா என்ற அளவில், 65 லிட்டர் தண்ணீரில் கட்டியில்லாமல் முழுவதும் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து, காற்றுப் புகாமல் 21 நாள் மூடி வைக்க வேண்டும். பிரித்ததும் நெடி போகும் வரை ஆறவிட்டு, முதலில் சிறிதளவே கொடுத்துப் பழக்குங்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுகளுக்கு இதை ஒருபோதும் கொடுக்கக் கூடாது.