ஆண்டு முழுக்கப் புல்லுக்கு அட்டவணை: வேண்டுமா, வேண்டாமா?

தாமான் செயலாளர்:
வணக்கம். கூட்டத்தில் பாதியில் நின்ற பேச்சை இங்கே தொடரலாம். பேராக், சுங்கை சிப்புட்டில் நம் தாமான் குடியிருப்பின் விளையாட்டுத் திடலையும், விருப்பப்படுகிறவர்களின் வீட்டு முன்புறத்தையும் சேர்த்து ஒரே ஆளிடம் ஆண்டுக் குத்தகையாக விடலாம் என்பது யோசனை. மாதாமாதம் ஒரே தொகை. அதற்கு முதலில் ஓர் அட்டவணை வேண்டும்.

இங்கிலாந்துக்காரர்களின் அட்டவணையைச் சிலர் அனுப்பியிருந்தீர்கள். வசந்தத்தில் உரம், இலையுதிர் காலத்தில் காற்றும் தண்ணீரும் இறங்க மண்ணைக் குத்திவிடுவது, குளிர்காலத்தில் வெட்டும் மெஷினுக்கு ஓய்வு. இங்கே மலேசியாவில் ஜனவரியிலும் பகலில் 32 டிகிரி, ஜூலையிலும் 32 டிகிரி. நம் புல் குளிருக்குத் தூங்குவதே இல்லை. நமக்குப் பருவம் என்றால் மழை மட்டும்தான். அதனால் நான் எழுதியது இப்படி:

ஜனவரி, பிப்ரவரி வெயில். உயரமாக விட்டு வெட்டுவது, உரம் கிடையாது. மார்ச் கடைசியிலிருந்து மே வரை சாயங்கால இடிமழை. உரம், சொட்டையான இடத்தில் புல் ஒட்டுவது, பையன்கள் பந்து விளையாடி இறுகிப்போன இடத்தைக் குத்தி மணல் போடுவது எல்லாம் அப்போது. ஜூன், ஜூலை மறுபடியும் வெயில். செப்டம்பரில் இரண்டாவது உரம். அக்டோபர், நவம்பர் கொட்டுகிற மழை. வாரம் தவறாமல் வெட்டு, உரம் கூடாது. டிசம்பரில் பூஞ்சையும் புழுவும் பார்ப்பது. வேலி ஓரத்துக்கும் கால்வாய் ஓரத்துக்கும் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை களைக்கொல்லி.

சரி, சொல்லுங்கள்.

கார்னர் லாட் குமார்:
செயலாளரே, புல்லுக்குப் பஞ்சாங்கம் எழுதிவிட்டீர்கள். வளர்ந்தால் வெட்ட வேண்டும், வளராவிட்டால் விட்டுவிட வேண்டும். இதற்கு எதற்கு அட்டவணை, உரம், மணல்? உரம் போட்டால் இன்னும் வேகமாக வளரும், அதை வெட்ட இன்னும் காசு. நாமே காசு கொடுத்து நமக்கு வேலை வாங்கிக்கொள்கிறோம். நம் வீடுகளில் இருப்பது பெரும்பாலும் கௌகிராஸ் என்கிற அகன்ற இலைப் புல். அது கேட்காமலே வளரும். என் மூலை வீட்டில் இதுவரை ஒரு பிடி உரம் விழுந்ததில்லை, பச்சையாகத்தான் இருக்கிறது. பக்கத்து வீட்டில் பணம் செலவழித்து ஜப்பான் புல் ஒட்டினார்கள். மாமரத்து நிழலில் பாதி வெளுத்துவிட்டது.

தீபாவளிக்கு முன்னால் ஒரு வெட்டு, சீனப் புத்தாண்டு லீவுக்கு ஆள் கிடைக்காது என்பதால் அதற்கு முன்னால் ஒரு வெட்டு, நடுவில் தேவைப்படும்போது. அவ்வளவுதான் லா.

பழைய கிராணி:
குமார் தம்பி, ஜப்பான் புல்லுக்கு வெயில் வேண்டும், நிழலில் தாங்காது. கௌகிராஸ் நிழலைத் தாங்கும், புளித்த, அதாவது அமிலம் கூடிய, மண்ணையும் தாங்கும். அதனால்தான் உங்கள் வீட்டில் நிற்கிறது. இன்னொரு காரணமும் உண்டு: மண்ணின் சத்தில் மரம் தின்பது போக மிச்சம் இருந்தால்தான் புல்லுக்கு. உங்கள் வீட்டில் மரமே இல்லை. அந்தக் கணக்கைத் திடலுக்குப் போடாதீர்கள். அங்கே கோல் கம்பத்துக்கு முன்னால் மண் சிமெண்டுத் தரை மாதிரி கிடக்கிறது. தண்ணீர் தேங்குகிறதே தவிர இறங்குவதில்லை.

செயலாளர் எழுதியதில் எனக்கு இரண்டு திருத்தம். குத்தி மணல் போடுவது சரி. உரத்தைத்தான் அளவு சொல்லாமல் விட்டுவிட்டார். தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக இருக்கிற 15-15-15 உரம் என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 30 கிராமுக்கு மேல் வேண்டாம். நூறு சதுர மீட்டருக்கு 3 கிலோ. எஸ்டேட் தோட்டத்தில் மரத்துக்கு இவ்வளவு என்று டின்னில் அளந்து போட்டோம். இங்கே ஆளாளுக்குக் கைப்பிடியில் வீசினால் விழுந்த இடம் கருகும், விழாத இடம் மஞ்சளாக நிற்கும். இன்னொன்று, மண்ணின் புளிப்பைக் குறைக்கச் சுண்ணாம்பு போட வேண்டும் என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். கௌகிராசுக்கு அது வீண் செலவு.

அடுத்தது முக்கியம். மாதத்தைப் பார்க்காதீர்கள், மழையைப் பாருங்கள். நான் கணக்கு எழுதும் கிராணியாக வேலை பார்த்த தோட்டத்தில், காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டு முடிந்து ஆபீஸ் திறந்ததும் முதல் வேலை, முற்றத்து மழைமானியில் விழுந்ததை அளந்து புத்தகத்தில் எழுதுவது. உரம் எப்போது இறங்க வேண்டும் என்பதை அந்தப் புத்தகத்தைப் பார்த்துத்தான் துரை, அதாவது தோட்ட மேனேஜர், முடிவு செய்வார். காய்ந்த மண்ணில் யூரியா போட்டால் காற்றில் போகும், அடைமழையில் போட்டால் ஆற்றில் போகும். நடுவில் மண் ஈரமாக இருந்து, மழை லேசாகத் தூறுகிற நாள்கள்தான் உரத்துக்கு. வாரத்துக்கு 25 மில்லிமீட்டர் மழை கிடைத்தால் புல்லுக்குப் போதும். அதற்குக் கீழே போனால் உரத்தைத் தொடாதீர்கள், வெட்டும் உயரத்தை ஏற்றுங்கள்.

கார்னர் லாட் குமார்:
அப்படி வாருங்கள் ஐயா. நீங்களே மாதத்தைப் பார்க்காதீர்கள் என்கிறீர்கள். அப்புறம் அட்டவணை எதற்கு?

2016 ஏப்ரல் ஞாபகம் இருக்கிறதா? எல் நினோ வறட்சி. வெயில் தாங்காமல் பெர்லிஸிலும் கெடாவில் சில இடங்களிலும் பள்ளிக்கூடத்தையே மூடினார்கள். செயலாளரின் காகிதத்தில் ஏப்ரல் என்றால் இடிமழை, உரம், புல் ஒட்டுவது. அந்த வருடம் இந்த அட்டவணைப்படி புல் ஒட்டியிருந்தால் மொத்தமும் வைக்கோல். குத்தகைக்காரருக்கு மட்டும் மாதப் பணம் போயிருக்கும்.

மெஷின்காரன்:
குத்தகைக்காரர் என்று புல் வெட்டுகிற என்னைத்தான் சொல்கிறீர்கள் என்பதால் நானும் பேசுகிறேன். இந்த ஆண்டுக் குத்தகை எனக்கும் வேண்டாம்.

மாதம் ஒரே தொகை என்றால் நவம்பரில் எனக்கு நஷ்டம், பிப்ரவரியில் உங்களுக்கு வயிற்றெரிச்சல். பிப்ரவரியில் ஒரு தடவை வெட்டிவிட்டுப் பணம் வாங்கினால் ஏமாற்றுகிறான் என்பீர்கள். நவம்பரில் வாரம் தவறாமல் வெட்டு என்று எழுதியிருக்கிறார் செயலாளர். தினம் மழை பெய்தால் எந்த நாளில் வெட்டுவது? நனைந்த புல்லில் மெஷினில் சுழல்கிற நைலான் கயிறு வெட்டாது, மடக்கும். வெட்டிய புல் பிண்டம் பிண்டமாக விழுந்து ஒட்டிக்கொள்ளும். அன்றே வாரி எடுக்காவிட்டால் அதற்கு அடியில் இருக்கிற புல் மஞ்சளாகிவிடும், தூக்கிப் பார்த்தால் சூடும் வாடையும் அடிக்கும். தள்ளுகிற மெஷினைக் கொண்டுபோனால் சக்கரம் பதிந்து திடல் முழுக்கப் பள்ளம். அப்போது வாரம் தவறினாலும் பரவாயில்லை, இரண்டு நாள் காய்ந்த பிறகு வெட்டுவதுதான் நல்லது.

குமார் அண்ணனுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ‘தேவைப்படும்போது’ என்று நீங்கள் கூப்பிடுவது முழங்கால் உயரம் வந்த பிறகு. உடனே ‘ஒட்ட வெட்டு, அடிக்கடி வர முடியாது’ என்பீர்கள். ஒரே வெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுத்தால் பச்சை இலை போய் அடித்தண்டுதான் மிஞ்சும். உங்கள் வாசலில் வெட்டிய மறுநாள் பழுப்பாகத் தெரிவது அதுதான். அந்த இடைவெளியில்தான் தொட்டாச்சிணுங்கியும், பள்ளிப் பிள்ளைகள் காலுறையில் ஒட்டிக்கொண்டு வருகிற கெமுஞ்சுப் புல்லும் ஏறுகின்றன. கௌகிராஸை 4, 5 சென்டிமீட்டரில் நிறுத்தினால் களையை அதுவே அமுக்கிவிடும்.

உயரமாக விட்டால் கொசு வரும் என்று சொல்கிறவர்களுக்கு: ஏடிஸ் கொசு முட்டையிடுவது புல்லில் அல்ல, தேங்கிய தெளிந்த தண்ணீரில். புல்லுக்குள் நீங்கள் எறிந்த டின்னும் தயிர் டப்பாவும்தான் பிரச்சினை. ஒவ்வொரு வெட்டிலும் நான் முதலில் பொறுக்குவது அதைத்தான்.

மருந்தடித்தவர் மகள்:
எல்லாரும் உரத்துக்கும் உயரத்துக்கும் சண்டை போடுகிறீர்கள். கடைசி வரியை யாரும் பார்க்கவில்லையா? மூன்று மாதத்துக்கு ஒரு தடவை களைக்கொல்லி.

என் அம்மா தோட்டத்தில் களைக்கொல்லி மருந்துப் பம்பு சுமந்தவர். விரல் நகங்கள் நிறம் மாறி, அடியிலிருந்து தூக்கிக்கொண்டு வந்ததை நான் பார்த்திருக்கிறேன். மூக்கில் ரத்தம் வரும். அந்தக் கையால் சோற்றைப் பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிடுவார். பாராகுவாட் என்கிற களைக்கொல்லியை இந்த நாட்டில் 2020 ஜனவரி 1 முதல் தடை செய்தார்கள், அத்தனை வருடம் கழித்து. இப்போது அடிப்பது வேறு மருந்து, அது அவ்வளவு மோசமில்லை என்பீர்கள். சரி, அதை அடிக்கப்போவது யார்? முகமூடி கொடுப்பது யார்? அடித்த அன்று சாயங்காலம் அதே வேலி ஓரத்தில்தான் பிள்ளைகள் பந்து பொறுக்கப் போகிறார்கள்.

மண்ணுக்கும் நல்லதில்லை. இப்போது அடிக்கிற கிளைபோசேட் மருந்து புல், களை என்று பார்க்காது, எல்லாவற்றையும் கொல்லும். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கிற கால்வாய் ஓரத்தைப் போய்ப் பாருங்கள். செத்த பழுப்புப் பட்டை, வேர் பிடிப்பு இல்லாமல் கரை சரிந்து கால்வாய்க்குள் கிடக்கிறது. அக்டோபர் மழைக்கு அதுதான் வீட்டுக்குள் தண்ணீர் கொண்டுவரும்.

இன்னொன்றும் கேட்கிறேன். தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில் இருந்தபோது நம் வாசலில் யார் புல் வளர்த்தார்கள்? பாம்புக்குப் பயந்து மண்ணைச் சுத்தமாகப் பெருக்கி வைத்திருந்தோம். புல்தரை துரை பங்களாவில்தான் இருந்தது, அதை வெட்டியதும் நம் ஆள்கள்தான். இப்போது சொந்த வீடு வந்ததும் அதே பங்களாப் புல் எல்லாருக்கும் வேண்டுமாம். முன்புறத்தில் முருங்கையும் கறிவேப்பிலையும் கீரையும் போடுங்கள். அட்டவணையே வேண்டாம்.

பழைய கிராணி:
அம்மா, உங்கள் தாயார் பட்டதை நான் மறுக்கவில்லை. மருந்து ஸ்டோர் கணக்கு எழுதியவன் நான். கையுறை எத்தனை ஜோடி வந்தது, எத்தனை பேருக்குப் போனது என்பது எனக்குத் தெரியும். ஆனால் லாலாங் புல்லை என்ன செய்வீர்கள்? அடிவேர் மண்ணுக்குள் ஓடும். மேலே வெட்ட வெட்ட மறுபடியும் வரும். திடலின் ரயில் பாதைப் பக்கம் முழுக்க அதுதான். காய்ந்த ஜூலையில் ஒருவன் சிகரெட்டை எறிந்தால் போதும், பற்றிக்கொள்ளும். பரவலாகத் தெளிக்க வேண்டாம், அந்த ஒரு மூலைக்கு மட்டும் கையுறை போட்டு, துணியில் நனைத்து இலையில் தடவலாம் என்கிறேன்.

கீரை விஷயம்: திடலில் கீரை போட முடியாது. பிள்ளைகள் எங்கே விளையாடுவது?

மருந்தடித்தவர் மகள்:
திடலை நான் சொல்லவில்லை ஐயா, வீட்டு முன்புறத்தைச் சொன்னேன். லாலாங்குக்கு நிழல் ஆகாது. அந்த மூலையில் தடித்த கறுப்புப் பிளாஸ்டிக்கை விரித்து ஓரத்தில் கல் வைத்து, வெயில் மாதங்கள் முழுக்க மூடி வையுங்கள். எடுத்த பிறகு மிச்சம் வருகிற வேரை சங்கோல் மண்வெட்டி போட்டுக் கிளறிப் பொறுக்கலாம். தொட்டாச்சிணுங்கியை மழை பெய்த மறுநாள் பிடுங்கினால் வேரோடு வரும், தடித்த கையுறை இருந்தால் போதும். கூட்டு வேலைக்கு ஞாயிற்றுக்கிழமை ஆள் கூப்பிடுங்கள், நானும் வருகிறேன். தடவுகிறேன், நனைக்கிறேன் என்று ஆரம்பித்தால் இரண்டாவது மாதமே யாராவது பம்பைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். எனக்குத் தெரியும்.

குவாந்தான் மச்சான்:
வெளியூர்க்காரன் நுழைவதற்கு மன்னிக்கவும். இந்த அட்டவணையை என் மனைவி எனக்கும் அனுப்பினார். இங்கே கிழக்குக் கரைக் குவாந்தானில் பயன்படாது. டிசம்பரில் உங்களுக்கு மழை குறையும்போது எங்களுக்கு வெள்ளம். வடகிழக்குப் பருவமழையை தித்திவாங்சா மலை உங்களுக்கு மறைத்துவிடுகிறது, நாங்கள் நேராக வாங்குகிறோம். பொதுவாகப் பகிர்வதாக இருந்தால் தலைப்பில் ‘பேராக்’ என்று போடுங்கள்.

கார்னர் லாட் குமார்:
பார்த்தீர்களா, நாட்டுக்குள்ளேயே ஒத்துவரவில்லை. ஒரே ஒரு கேள்வி: உரமும் மணலும் இல்லாமல், வெட்டுக்கு இவ்வளவு என்று கொடுத்தால் என்ன குறைந்துபோகும்?

மெஷின்காரன்:
வீட்டுக்கு ஒன்றும் குறையாது. திடலுக்குக் குறையும். மிதிபடுகிற இடத்துக்கு ஆண்டுக்கு ஒரு தடவையாவது குத்தி மணல் போட வேண்டும், இல்லாவிட்டால் அங்கே நான் வெட்டப் புல்லே இருக்காது. வெட்டுக்கு இவ்வளவு என்பதற்கு நான் தயார். ஆனால் எப்போது வெட்டுவது என்பதை நான் சொல்வேன், நீங்கள் முழங்கால் வரை காத்திருக்கக் கூடாது.

தாமான் செயலாளர்:
இதுவரை பேசியதை வைத்து அடுத்த கூட்டத்துக்கு எழுதுகிறேன். மாதக் குத்தகை போய், வெட்டுக்கு இவ்வளவு. திடலுக்கு மட்டும் உரமும் மணலும், அதுவும் மழையை அளந்த பிறகு. கிராணி ஐயா மழைமானி வைக்கச் சம்மதித்தால் சமூக மண்டபத்துப் பின்புறம் வைக்கலாம்; கூரைத் தண்ணீர் தெறிக்காத இடமாக அவரே காட்டட்டும். லாலாங் மூலைக்கு மருந்தா, பிளாஸ்டிக்கா என்பதை ஓட்டுக்கு விடுகிறேன்.

மருந்தடித்தவர் மகள்:
ஓட்டு எடுக்கும்போது, மருந்துக்குக் கை தூக்குகிறவர்களில் யார் அடிக்கப் போகிறார்கள் என்பதையும் பெயரோடு எழுதிக்கொள்ளுங்கள்.

பழைய கிராணி:
மழைமானி நான் வைக்கிறேன். ஓட்டில் மருந்துக்குத்தான் என் கை. தடவுவதும் நானேதான்.

மெஷின்காரன்:
இன்று மூன்று மணியிலிருந்து நல்ல மழை. நாளை வெட்டு இல்லை. வெள்ளிக்கிழமை காலை காய்ந்திருந்தால் திடலை ஒட்டிய வரிசையில் ஆரம்பிக்கிறேன். அந்த வரிசைக்காரர்கள் காரைத் தள்ளி நிறுத்திவிடுங்கள். கல்லைத் தடுக்கிற வலை பிடிக்க ஒரே ஒரு பையன்தான் வருகிறான், கல் பறந்து கண்ணாடியில் பட்டால் என்னிடம் வரக் கூடாது.