சின்ன வெங்காயத்துக்கு முருங்கையிலைச் சாறு: எப்போது, எவ்வளவு?

கேள்வி (திருவையாறு)

சம்பா அறுவடைக்குப் பின் கொள்ளிடப் படுகையில் மூன்று மா நிலத்தில், அதாவது ஏறத்தாழ ஓர் ஏக்கரில், சின்ன வெங்காயம் நட்டு இன்றோடு பதினெட்டு நாள் ஆகிறது. முருங்கையிலைச் சாறு தெளித்தால் காய் திரளும் என்று கேள்விப்பட்டுச் சென்ற ஆண்டு தெளித்துப் பார்த்தேன். மாலையில் அரைத்து வைத்த சாற்றை மறுநாள் வெயிலேறிய பிறகு தெளித்தபோது, அது வெங்காயத் தாளில் ஒட்டாமல் உருண்டு ஓடிவிட்டது. பலன் ஒன்றும் தெரியவில்லை. பிழை தயாரிப்பிலா, தெளித்த நேரத்திலா? வேப்பங்கொட்டைக் கரைசலையும் இதனோடு கலக்கலாமா?

பதில் 1 (லால்குடி)

இரண்டிலும் பிழை உண்டு, ஐயா. முருங்கைக் கொழுந்தில் சியாட்டின் என்னும் வளர்ச்சி ஊக்கி இருக்கிறது. அது செல் பிரிதலைத் தூண்டி, இலை பழுப்பதைத் தள்ளிப்போடும். அரைத்த சாறு விரைவில் கெடும் என்பதால் ஐந்து மணி நேரத்துக்குள் தெளித்துவிட வேண்டும். பத்துக் கிலோ இளங்கொழுந்துக்கு ஒரு லிட்டர் நீர் விட்டு அரைத்துப் பிழிந்து, நன்றாக வடிகட்டி (இல்லாவிட்டால் தெளிப்பான் முனை அடைத்து உயிரை வாங்கும்), ஒரு பங்கு சாற்றுக்கு முப்பது பங்கு நீர் சேருங்கள்.

வெங்காயத் தாளில் மெழுகுப் பூச்சு இருப்பதால் வெறும் சாறு நிற்காது. பூந்திக்கொட்டை ஊறிய நீரைச் சிறிது கலந்து மாலையில் தெளித்தால் ஒட்டும். நான் இருபதாம் நாளும் முப்பத்தைந்தாம் நாளும் தெளித்து நிறுத்திவிடுவேன். காய் திரண்டு முற்றும் பருவத்தில் தாளைப் பசுமையாகவே வைத்திருக்க முயல்வது, கழுத்து தடித்துச் சேமிப்பில் அழுக வழிவிடும் என்பது என் கருத்து.

பதில் 2 (பாபநாசம்)

வேப்பங்கொட்டைக் கரைசல் வளர்ச்சிக்கானதன்று, இலைப்பேனை அடக்குவதற்கானது. ஐந்து கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்துப் பத்து லிட்டர் நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து வடிகட்டி, நூறு லிட்டராக்கித் தெளிக்கும் வேளையில் மட்டும் காதி சோப்புக் கரைசலைச் சேர்க்க வேண்டும். கொட்டை எட்டு மாதத்துக்கு மேற்பட்டதானால் வீரியம் குறையும். ஆடியில் பொறுக்கியது மாசியில் எல்லையை நெருங்கிவிடுகிறது. வேப்பங்கொட்டையில் பூச்சியை அடக்கும் பொருளான அசாடிராக்டின் வெயிலில் சிதையும் என்பதால் இதற்கும் மாலையே நல்லது. இரண்டையும் கலக்காமல் நான்கைந்து நாள் இடைவெளி விடுங்கள். கலந்து தெளித்துத் தாள் கருகினால் எதனால் கருகியது என்று கண்டுபிடிக்க முடியாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எந்தச் சாறும் உரத்துக்கோ வடிகாலுக்கோ ஈடாகாது. படுகை வண்டலில் நீர் வடிந்துவிடும். எங்கள் பக்கத்துக் களிமண்ணில் பாரை (வெங்காயம் நடும் மண்மேட்டை) உயர்த்தாமல் நட்டால் வேர் மூச்சு முட்டி, அடித்தாள் அழுகல் வந்துவிடும். அதன்பின் முருங்கைமரத்தையே வெட்டிப் பிழிந்தாலும் பயனில்லை.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. நாளை மறுநாள் மாலை முதல் தெளிப்பைத் தொடங்குகிறேன். நான்கு பார்களில் மட்டும் சாறு படாமல் விட்டு, விளைச்சலை ஒப்பிட எண்ணியிருக்கிறேன்.

பதில் 1 (லால்குடி)

நல்ல யோசனை. அந்த நான்கையும் வரப்போரத்தில் ஒதுக்காமல் நடுவில் தள்ளித் தள்ளித் தேர்ந்தெடுங்கள். ஓரத்து ஈரமும் வெயிலும் வேறு. அவற்றுக்கும் பூந்திக்கொட்டை நீரை மட்டும் தெளியுங்கள். தாளறுத்து நிழலில் உலர்த்திய பிறகே எடை போடுங்கள். பச்சையாகப் போட்டால் ஈரமும் கணக்கில் ஏறிவிடும்.