ஒன்பது இடுக்கு கிரில் இருந்தால் போர்க்கால ஜீப்பா? லோ பானட் வாங்கும் முன் எதைப் பார்ப்பது?

கொங்குஜீப் (கேள்வி)

வணக்கம். கோவைப் பக்கம் ஒரு லோ பானட் (பானட் தாழ்வாக உள்ள பழைய மாடல்) ஜீப் விலைக்கு வந்திருக்கிறது. "1944 ஃபோர்டு, மிலிட்டரி வண்டி, அக்மார்க் ஒரிஜினல்" என்கிறார் விற்பவர். ஆர்.சி.யில் "வில்லிஸ், 1947, பெட்ரோல்" என்று இருக்கிறது. பார்த்த வரையில்: கிரில்லில் 9 இடுக்கு. வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இடைத்தூரம்) 80 இன்ச். டாஷ்போர்டில் மூன்று தகடும் பளபளவென்று இருக்கின்றன. பின்னால் திறக்கிற டெயில்கேட். பெட்ரோல் மூடி பாடிக்கு வெளியே, டிரைவர் பக்கம். நாலு சக்கரமும் காம்பாட் ரிம் (இரண்டு பாதியாகப் பிரியும் ராணுவ ரிம்). பேட்டரி 12 வோல்ட். எஞ்சின் ஓடுகிறது, ஆனால் இரண்டாவது கியர் லோடு விழுந்தால் வெளியே தள்ளிவிடுகிறது.

இது இரண்டாம் உலகப்போரில் வில்லிஸ் செய்த எம்.பி.யா, ஃபோர்டு செய்த ஜி.பி.டபிள்யூவா, போருக்குப் பின் பொதுமக்களுக்கு வந்த சி.ஜே.யா? போர்க்கால வண்டிக்கான விலை சொல்கிறார். அட்வான்ஸ் கொடுக்கும் முன் எதையெல்லாம் பார்க்கணும்?

ஃபிரேம்முதலில்

கிரில், தகடு, ரிம் மூன்றையும் கணக்கிலேயே எடுக்காதீர்கள். மூன்றும் புதிதாகவே வாங்கக் கிடைக்கிற சாமான். தகடு பளபளக்கிறது என்றால் அது தகட்டின் வயதைத்தான் சொல்கிறது, வண்டியின் வயதை அல்ல. வீல்பேஸும் சாட்சி இல்லை. எம்.பி., ஜி.பி.டபிள்யூ, சி.ஜே.2ஏ, 3ஏ, 3பி எல்லாமே 80 இன்ச்தான். 91 வந்திருந்தால் மகிந்திரா எம்.எம்.540 ஃபிரேம் என்று அங்கேயே திரும்பியிருக்கலாம்.

இன்னொரு வேடிக்கை: அந்த 9 இடுக்கு கிரில்லே ஃபோர்டு செய்த வேலை. வில்லிஸ் முதலில் விட்ட சுமார் 25,000 எம்.பி.க்களில் இரும்புப் பட்டைகளை வெல்டிங் செய்த கிரில்தான் இருந்தது. 1941 ஜூலையில் வில்லிஸுக்கு 16,000 வண்டிக்கு ஒப்பந்தம் கிடைத்தது. டொலிடோ ஆலை மட்டும் போதாது என்று, வில்லிஸ் வரைபடத்தை வைத்தே 1942 தொடக்கத்திலிருந்து ஃபோர்டும் செய்தது. அதுதான் ஜி.பி.டபிள்யூ, கடைசி டபிள்யூ வில்லிஸைக் குறிப்பது. ஒரு தகட்டை அழுத்தி எடுத்த கிரில் எடை குறைவு, விலையும் குறைவு. அதையே வில்லிஸும் எடுத்துக்கொண்டது.

வண்டி எது என்று சொல்வது ஃபிரேம். டார்ச்சும் கம்பி பிரஷும் எடுத்துக்கொண்டு ரேடியேட்டருக்கு முன்னால் படுத்துப் பாருங்கள். முன் குறுக்குச் சட்டம் உருண்டைக் குழாயாக இருந்தால் வில்லிஸ் எம்.பி. கவிழ்த்துப் போட்ட யு வடிவமாக இருந்தால் ஃபோர்டாக இருக்கலாம்.

எண் இருக்கும் இடமும் வேறு. வில்லிஸில் சின்னத் தகடு, இடது ஃபிரேமின் உள்பக்கம், முன் பம்பருக்குச் சற்றுப் பின்னால் ரிவெட் அடித்திருக்கும். ஃபோர்டில் தகடு கிடையாது. இடது ஃபிரேமின் மேல்முகத்திலேயே, முன் ஷாக் அப்சார்பர் பிராக்கெட் பக்கம், பஞ்ச் அடித்திருக்கும்.

டி84

மேலே சொன்னதில் ஒரு திருத்தம். குழாய் என்றால் வில்லிஸ், சரி. யு வடிவம் மட்டும் வைத்து ஃபோர்டு என்று எழுதிவிட முடியாது, ஏனென்றால் போருக்குப் பின் வந்த சி.ஜே.க்களிலும் அதே மாதிரிச் சட்டம் உண்டு. எண்ணும் சேர்ந்து வந்தால்தான் ஃபோர்டு.

டெயில்கேட்டும் வெளிப் பெட்ரோல் மூடியும் சி.ஜே. பாடியின் அடையாளம். போர்க்கால வண்டியில் பின்பக்கம் மூடிய தகடு. ஸ்பேர் வீலும் ஜெரி கேனும் அதில்தான் தொங்கும். பெட்ரோல் டேங்க் டிரைவர் சீட்டுக்கு அடியில், சீட்டைத் தூக்கித்தான் ஊற்ற வேண்டும். உங்கள் வண்டியில் சி.ஜே. பாடிக்கு 9 இடுக்கு கிரில் மாட்டியிருக்கலாம், அல்லது போர்க்கால ஃபிரேம் மேல் சி.ஜே. பாடி உட்கார்ந்திருக்கலாம். இரண்டாவது என்றால் அழ வேண்டியதில்லை. பாடி மாற்றிக்கொள்ளலாம், ஃபிரேம் மாற்ற முடியாது.

பின் சக்கரத்தின் நடுவைப் பாருங்கள். போர்க்கால ஆக்சில் ஃபுல் ஃபுளோட்டிங், அதாவது வண்டியின் எடையை ஆக்சில் தண்டு சுமக்காது, ஹவுசிங்தான் சுமக்கும். ஹப் முகத்தில் 6 போல்ட் போட்ட ஃபிளாஞ்ச் துருத்திக்கொண்டு நிற்கும். 3ஏ, 3பி-யில் அது இருக்காது, மூடியைக் கழற்றினால் நடுவில் ஒரு பெரிய நட்டு.

எஞ்சின் எண், வலப்பக்கம் முன்னால், ஆயில் ஃபில்டருக்குப் பின்னே பிளாக்கில் தூக்கலாக உள்ள சதுரத்தில் இருக்கும். 'எம்.பி.' என்று தொடங்கினால் வில்லிஸ், 'ஜி.பி.டபிள்யூ' என்றால் ஃபோர்டு, 'ஜே' என்றால் சி.ஜே.2ஏ, '3ஜே' என்றால் 3ஏ, '4ஜே' என்றால் 3பி-யின் எஃப் ஹெட் எஞ்சின்.

போல்ட் தலைகளையும் பிராக்கெட்டுகளையும் சுரண்டிப் பாருங்கள். ஃபோர்டு தன் சாமானில் எல்லாம் 'எஃப்' எழுத்தைப் பதிக்கும். பத்து போல்ட்டில் ஒன்றிரண்டில் இருந்தால் பொருளில்லை, ராணுவப் பணிமனைகளில் இரண்டு கம்பெனி சாமானையும் கலந்துதான் பூட்டினார்கள். கழற்றவே வாய்ப்பில்லாத இடங்களில் வரிசையாக இருந்தால்தான் மதிப்பு.

கொங்குஜீப்

நன்றி. இன்று போய்ப் பார்த்தாயிற்று. குறுக்குச் சட்டம் யு. இடது ஃபிரேம் மேல்முகத்தில் தடிமனாகப் பெயிண்ட், எண் எதுவும் கண்ணில் படவில்லை. எஞ்சின் எண் 3ஜே என்று தொடங்குகிறது. பின் ஹப்பில் 6 போல்ட் உண்டு. ஷாக் பிராக்கெட் போல்ட்டுகள் நாலிலும் 'எஃப்'. கம்ப்ரெஷன்: 95, 90, 92, 68.

டி84

அப்படியென்றால் ஜி.பி.டபிள்யூ ஃபிரேம், ஆக்சில், 3ஏ எஞ்சின், சி.ஜே. பாடி. எண் தெரிகிற வரை "இருக்கலாம்" என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கிரைண்டர் வைக்கவே கூடாது. பஞ்ச் அடித்த எண்ணின் ஆழம் கொஞ்சம்தான், டிஸ்க் ஒரு தடவை ஓடினால் போச்சு. பெயிண்ட் ரிமூவர் தடவி 15 நிமிடம் விட்டு, மரக்கட்டையால் வழித்து, பித்தளை பிரஷால் தேயுங்கள். துடைத்துக் காயவிட்டு, சாக்பீஸைப் படுக்கவைத்துத் தேய்த்தால் பள்ளம் கறுப்பாகத் தெரியும். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடியுங்கள், நேராக அடித்தால் எதுவும் தெரியாது.

நாலாவது சிலிண்டர் 68 தான் கவலை. புது எஞ்சினில் 110 பி.எஸ்.ஐ. அளவில் இருக்கணும், 70-க்குக் கீழே, அல்லது சிலிண்டருக்குச் சிலிண்டர் 10-க்கு மேல் வித்தியாசம் என்றால் பிரிக்க வேண்டியதுதான். பிளக் ஓட்டை வழியாக ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. இது எல் ஹெட், வால்வு பிளாக்கிலேயே இருக்கிறது. வால்வு சீட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவே விரிசல் விடுவது இந்தக் குடும்பத்துக்கே உள்ள வியாதி; ஹெட்டைக் கழற்றினால்தான் தெரியும். விலை பேசும்போது பிளாக் போய்விட்டதாகவே வைத்துப் பேசுங்கள்.

இரண்டாவது கியர் தள்ளுவதற்கு முதலில் பெல் ஹவுசிங் போல்ட்டுகளையும் கியர்பாக்ஸ் மவுண்டையும் இறுக்கிப் பாருங்கள். செலவில்லாத காரணம் அதுதான். அதற்கும் அடங்காவிட்டால் ஷிஃப்ட் ரெயிலின் ஸ்பிரிங், முன் பேரிங் ஆட்டம், கடைசியில் சிங்க்ரோ என்று வரிசையாகப் போக வேண்டும். கூடவே கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் (விசையை முன், பின் ஆக்சிலுக்குப் பிரிக்கும் பெட்டி) இரண்டின் ஆயில் அளவையும் பாருங்கள். ஒன்றில் குறைந்து மற்றதில் வழிந்தால் நடுவில் உள்ள சீல் போயிருக்கிறது. பின் அவுட்புட் சீலும் ஒழுகினால் ஹேண்ட்பிரேக் பட்டை ஆயிலில் ஊறி எதையும் பிடிக்காது. இந்த வண்டியில் ஹேண்ட்பிரேக் சக்கரத்தில் இல்லை, டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால் இருக்கிறது.

ஆர்சிபுத்தகம்

இயந்திரத்தைப் பற்றி இரண்டு பேரும் சொல்லிவிட்டார்கள். காகிதம்தான் இங்கே பெரிய சிக்கல்.

ஆர்.சி.யில் 1947 என்று இருப்பதால் போர்க்கால வண்டி இல்லை என்று ஆகாது. ராணுவத்திலிருந்து கழித்த பிறகு முதல் முறை பதிவான ஆண்டாக இருக்கலாம். ஆனால் "வில்லிஸ்" என்று இருப்பதும் ஃபிரேம் ஃபோர்டாக இருப்பதும் இடிக்கிறது. ஃபிரேமில் வெளிப்படும் எண்ணும் ஆர்.சி. சேசிஸ் எண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். "நம்ம ஆள் பஞ்ச் அடித்துத் தருவார்" என்று சொன்னால் அன்றைக்கே எழுந்து வந்துவிடுங்கள். பிடிபட்டால் வழக்கு உங்கள் பேரில்தான்.

வின்டேஜ் பதிவு கிடைக்கும் என்று விற்பவர் ஆசை காட்டுவார். 2021 ஜூலையில் வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தப்படி, 50 வருடம் தாண்டி, சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் இல்லாத வண்டிக்குத்தான் அது. புதுப் பதிவுக்கு ரூ.20,000, 10 வருடம் செல்லும், மறுபதிவு ரூ.5,000. நம்பரில் மாநில எழுத்துக்கு அடுத்து 'வி.ஏ.' வரும். கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே ரோட்டில் இறக்கலாம், தினசரி ஓட்ட முடியாது. சி.ஜே. பாடியும் 3ஏ எஞ்சினும் மாட்டிய இந்த நிலையில் தாண்டுவது கடினம். ஆக, இன்றைக்கு இது ஒரு நல்ல ஃபிரேமும் ஆக்சிலும் உள்ள புராஜெக்ட். விலையும் அதற்குத்தான்.

ஃபிரேம்முதலில்

12 வோல்ட்டைப் பற்றிப் பயம் வேண்டாம். போர்க்கால வண்டி 6 வோல்ட், நம்மூரில் பெரும்பாலும் மாற்றிவிடுவார்கள். 6-க்கே திருப்புவதானால் ஸ்டார்ட்டர் கேபிள் 50 சதுர மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. எஞ்சினிலிருந்து ஃபிரேமுக்கு எர்த் பட்டையும் கட்டாயம், ஏனென்றால் மவுண்ட் ரப்பர். கார் கேபிளைப் போட்டுவிட்டு "ஸ்டார்ட்டர் வீக்" என்று அதைப் பிரித்து மேய்பவர்கள்தான் அதிகம்.

சக்கரம் கழற்றிப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் இரண்டு விஷயம். இடது பக்கச் சக்கரங்களில் நட்டு இடது மரை, வழக்கத்துக்கு எதிர்த்திசையில் சுற்றினால்தான் கழலும். இது தெரியாமல் இரும்புக் குழாய் மாட்டித் திருகினால் ஸ்டட் முறியும். காம்பாட் ரிம்மில் இரண்டு வட்டமாக நட்டுகள் உண்டு. நடுவில் உள்ள 5 தான் சக்கர நட்டு. வெளி வட்டத்தில் உள்ள 8, ரிம்மின் இரண்டு பாதியைச் சேர்த்துப் பிடிப்பவை. டயர் வால்வின் உள்பின்னை எடுத்துக் காற்றை முழுக்க வெளியேற்றாமல் அந்த 8-இல் ஒன்றைக்கூடத் தொடாதீர்கள். ரிம் வெடித்து முகத்தில் அடிக்கும்.