படிகக் குறையில் மட்டும் மீக்கடத்தல்: சொல் தேவை

அன்புள்ள குழுவினருக்கு,

திண்மநிலை இயற்பியல் நூல் ஒன்றின் மொழிபெயர்ப்பு வெள்ளிக்கிழமை போக வேண்டும். ஒரு தலைப்பில் நின்றுவிட்டேன். வெள்ளீயம் 3.72 கெல்வினில் மீக்கடத்தியாகிறது, அதாவது மின்தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்துகிறது. ஆனால் படிகத்தின் இரு பாதிகள் கண்ணாடிப் பிம்பங்களாக ஒட்டியிருக்கும் இரட்டைத்தளத்தில், அதற்குச் சுமார் 0.04 கெல்வின் மேலேயே அது தொடங்கிவிடுகிறது. சுற்றியுள்ள உலோகம் அப்போதும் சாதாரணமாகத்தான் இருக்கும். 'படிகக் குறைபாடுகளில் உள்ளடங்கிய மீக்கடத்துதிறன்' என்று எழுதினேன். இரண்டு வரிக்கு ஓடுகிறது.

---

ஐயா, 'குறைபாடு' வேண்டாம். இரட்டைத்தளத்தில் ஓர் அணுவும் குறையவில்லை, அடுக்கின் திசைதான் மாறியிருக்கிறது. 'படிகவழு' என்க. அப்புறம், மீகடத்தியா மீக்கடத்தியா என்று முன்பு சண்டை நடந்தது. நன்னூல் இரண்டையும் ஏற்கிறது: மீகண், மீக்கூற்று. மீந்தோல் என்று மெல்லெழுத்தும் மிகும். அந்தக் கணக்கில் மீங்கடத்திக்கும் இடமுண்டு, நான் எழுத மாட்டேன்.

---

> ஓர் அணுவும் குறையவில்லை

இரட்டைத்தளத்துக்குச் சரி. அணு இல்லாத வெற்றிடமும் இதே தலைப்பின்கீழ்தானே வருகிறது? அங்கே நிஜமாகவே ஒன்று குறைகிறது. வகுப்பில் 'வழு' என்றால் பிள்ளைகள் வழுக்குகிறது என்று நினைக்கிறார்கள். எனக்கு உறுத்துவது 'உள்ளடங்கிய'. எதற்குள்ளும் அது அடங்கவில்லை. மீக்கடத்தலை நடத்தும் எலக்ட்ரான் சோடிகளான கூப்பர் இணைகளின் அடர்த்தி தளத்தில் உச்சத்தில் இருந்து, இருபுறமும் மெல்லத் தேய்கிறது. மழைக்குச் சுவரோரம் ஒண்டுவது போல. 'ஒண்டு மீக்கடத்தல்' என்றால் என்ன?

---

ஒண்டு! சரி, உங்கள் விருப்பம். இலக்கணத்தில் வழுவமைதி என்று ஒன்று உண்டு, மறக்க வேண்டாம்: வழுதான், ஆனாலும் காரணம் பற்றி ஏற்றுக்கொள்வது. ஒழுங்கு குலைந்த இடத்தில் மீக்கடத்தல் முந்திக்கொள்கிறதே, இதைவிடப் பொருத்தமான சொல் எங்கே கிடைக்கும்?

---

பொருத்தம் உங்களுக்கும் எனக்கும் தெரியும். பதினேழு வயதுப் பிள்ளைக்கு வழுவமைதியை முதலில் நடத்திவிட்டு, பிறகு வெள்ளீயத்துக்கு வர வேண்டும்.

---

நேரம் முடிந்தது. 'குறை'க்கு மூவர், 'வழு'வுக்கு ஒருவர். தலைப்பு: 'படிகக்குறை சார் மீக்கடத்தல்'. 'ஒண்டு' எனக்குப் பிடித்திருந்தது, துணிச்சல் வரவில்லை. விளக்க வரியில் 'தளத்தை ஒண்டி' என்று நுழைத்துவிட்டேன்.

---

சொல்லடைவில் 'வழு'வையும் சேர்க்கவும். 'சார்' தனியே நிற்காது. 'படிகக்குறைசார்' என்று சேர்த்து எழுதுங்கள்.