‘ரன்’ என்ற சொல்லை எங்கெல்லாம் சொல்லலாம்?

குற்றாலம் தம்பி: குற்றாலத்தில் ஒரு லாட்ஜ் ரிசப்ஷனில் இருக்கிறேன். சீசனுக்கு வெளிமாநிலத்துக்காரர்கள் நிறைய வருவார்கள். ஒரு அம்மா ‘வீ ஹேவ் ரன் அவுட் ஆஃப் டவல்ஸ்’ என்றார்கள். கிரிக்கெட்டில்தான் ரன் அவுட் கேட்டிருக்கிறேன். பஸ்ஸுக்கும் ரன், குழாய்க்கும் ரன் என்கிறார்கள். எப்படிப் பிரித்துப் புரிந்துகொள்வது?

பேட்டைக்காரன்: ‘ஓடு’ என்று வைத்துக்கொள்ளுங்கள். பஸ் ஓடுது, மோட்டார் ஓடுது, தியேட்டரில் படம் ஓடுது. பாதி இடத்தில் சரியாக வரும்.

ஆழ்வார்குறிச்சி டீச்சர்: அண்ணாச்சி சொன்ன பாதி சரி. ‘தாமிரபரணி ரன்ஸ் டு புன்னைக்காயல்’ என்று ஆற்றுக்கும் பொருந்தும். ஆனால் ஆக்ஸ்போர்டு பெரிய அகராதியில் ரன் என்ற வினைக்கு மட்டும் 645 பொருள். எல்லாம் வேண்டாம் தம்பி, உன் மேஜைக்கு வருவதைப் பிடி.

ரன் அவுட் என்றால் தீர்ந்துபோவது. ‘எங்களுக்கு டவல் தீர்ந்துபோச்சு’ என்போம் அல்லவா? ஆங்கிலத்தில் ஆளை முன்னால் வைத்தால் ‘ஆஃப்’ கட்டாயம் வேண்டும். அந்த அம்மா சொன்னது அதுதான். டவலை முன்னால் வைத்தால் ‘ஆஃப்’ கிடையாது: ‘தி டவல்ஸ் ஹேவ் ரன் அவுட்’. தீபாவளிக்கு முந்தின ராத்திரி டவுனில் அல்வா வாங்கப் போய் வெறுங்கையோடு திரும்பினால் ‘தே ஹேவ் ரன் அவுட் ஆஃப் அல்வா’. ஹேவ், ஹேஸ் வந்தால் ரன்தான், ‘ரேன்’ கூடாது. நேற்று நடந்ததற்கு ரேன்: ‘யெஸ்டர்டே வீ ரேன் அவுட் ஆஃப் ஹாட் வாட்டர்’.

பஸ் கேட்டால் ‘இட் ரன்ஸ் எவ்ரி ஹாஃப் அவர்’ என்று சொல். தமிழில் ‘ஓடிக்கிட்டிருக்கு’ என்கிற பழக்கத்தில் ‘இஸ் ரன்னிங் எவ்ரி ஹாஃப் அவர்’ என்று வாயில் வந்துவிடும், வேண்டாம். இன்றைக்கு மட்டும் பஸ் தாமதம் என்றால் ‘இட் இஸ் ரன்னிங் லேட்’. அது சரி.

‘ரன்னிங் நோஸ்’ என்று நம் பக்கம் எல்லோரும் சொல்கிறோம். ‘ரன்னி நோஸ்’ என்பதே வழக்கு.

பத்தமடை பாய்க்கடை: டீச்சர், ‘ஐ ரன் எ ஷாப்’ சரியா? பைக் ஓட்டுவதற்கும் ரன்தானா?

ஆழ்வார்குறிச்சி டீச்சர்: கடைக்குச் சரி. லாட்ஜ், டியூஷன் என்று எதை நடத்தினாலும் ரன்தான். பைக்குக்கு ‘ரைடு’ (ride), பஸ்ஸுக்கு ‘டிரைவ்’. ‘ஹி ரன்ஸ் பசஸ்’ என்றால் பஸ் முதலாளி, டிரைவர் இல்லை.

குற்றாலம் தம்பி: ரொம்ப நன்றி டீச்சர். ‘தி டாய்லெட் கீப்ஸ் ரன்னிங்’ என்றால்?

ஆழ்வார்குறிச்சி டீச்சர்: ஃப்ளஷ் தொட்டியில் தண்ணீர் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கிறது. உடனே பிளம்பரை அனுப்பு தம்பி.