மறு: 'கடி கேபின்' (cuddy cabin) படகு: 21 அடிக்கு ஒரு சொல், 25 அடிக்கு இன்னொரு சொல்லா?

> 21 அடிப் படகைச் 'சிற்றறைப் படகு' என்றும் 25 அடியை 'அறைப் படகு' என்றும் போடலாமா? அமெரிக்கக் கையேடு இரண்டையும் ஒப்பிடுவதால் இரண்டு சொல் இருந்தால் வசதி.

வேண்டாம் அண்ணே. கையேட்டைத் தமிழாக்கும்போது 'கடி கேபின்' படகுக்கு நீளத்தை வைத்துப் பெயர் பிரித்தால் அடுத்த பக்கத்திலேயே மாட்டிக்கொள்வீர்கள். இரண்டும் ஒரே வகைதான். உள்ளே தலை நிமிர்ந்து நிற்க முடியாது என்பதே அந்த வகையின் அடையாளம். சுக்கானுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கதவு. குனிந்து இறங்கினால் முன்தளத்துக்குக் கீழே 'வி' வடிவில் இரண்டு மெத்தை. நடுவில் ஒரு திண்டைச் செருகினால் படுக்கையாகிவிடும். முனை குறுகுவதால் படுக்கிற இருவர் பாதமும் இடித்துக்கொள்ளும். மெத்தைக்கு அடியில் சாமான், சிலவற்றில் தூக்கிச் செல்லும் கழிப்பறை. வெயிலில் குழந்தையைத் தூங்கவைக்கவும் ஈரத்துணி மாற்றவும் அது போதும். நிமிர்ந்து நடமாட இடமும் சமையல் மேடையும் வந்துவிட்டால் அது கேபின் க்ரூஸர். 'அறைப் படகு' என்பதை அதற்கு வைத்துக்கொள்வோம். 25 அடியில் இரண்டு வகையுமே கிடைக்கின்றன, அதனால் அடிக்கணக்கு இங்கே உதவாது.

அளவு முடிவாவது இழுக்கிற வண்டியை வைத்து. ட்ரெய்லரோடு 21 அடி ஏறத்தாழ இரண்டு டன், 25 அடி மூன்றை நெருங்கும். தனி அனுமதி இல்லாமல் அமெரிக்கச் சாலையில் எட்டரை அடி அகலம்தான் போகலாம் என்பதால் இரண்டும் பெரும்பாலும் அதற்குள் அடங்கும். கூடுகிற நான்கடி நீளத்துக்குத்தான் போகிறது. நாலு பேர் பகலில் போய்த் திரும்ப 21 தாராளம். இரவு தங்கல், அலை எழும்பும் பெரிய ஏரி என்றால் 25. நம் மதுரையிலிருந்து தூத்துக்குடிவரை 140 கிலோமீட்டர் இழுக்கச் சொன்னால் நான் யோசிக்காமல் 21 என்பேன். (தெப்பக்குளத்தில் விட்டுப் பார்க்க வேண்டியதுதான் என்று யாரும் எழுத வேண்டாம்.)

சரி, சொல்லுக்கு வருவோம். அப்படியே ஒலிபெயர்த்தால் 'கடி'. வாசகர் நம்மைக் கடிப்பார். 'குச்சில்' என்ற யோசனை பொருளளவில் கச்சிதம், சிறிய அறை என்றே பொருள். ஆனால் மதுரைப் பக்கம் 'குச்சு' என்றதும் தாய்மாமன் கட்டும் சடங்குக் குச்சுதான் நினைவுக்கு வரும். அதைவிட, 'குச்சுக்காரி' என்ற வசை வேறு இருக்கிறது. குடும்பப் படகுக்கு இந்தச் சொல் எதற்கு?

என் ஓட்டு 'அணியறைப் படகு'க்கு. அணியம் படகின் முன்பக்கம், மீனவர் வாயில் புழங்கும் சொல். அணியத்தில் அறை, அணியறை. படகை முகப்பை வைத்து அழைப்பதும் நமக்குப் புதிதல்ல. சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் வையையைக் கடக்கும் துறையில் ஓடுபவை பரிமுக அம்பி, கரிமுக அம்பி, அரிமுக அம்பி. (அவர்கள் ஏறியது என்னவோ மரப்புணையில்.)

மலையாளத்தில் அணியறை என்றால் ஒப்பனை அறை என்று ஒருவர் எழுதியிருந்தார். உண்மைதான். 'படகு' ஒட்டியிருக்கும்போது குழப்பம் வராது. முன்பக்கம் திறந்து இருக்கை போட்ட வகையும் கையேட்டில் வருகிறதே, அதை 'அணியிருக்கைப் படகு' என்றால் இரண்டும் ஜோடியாக நிற்கும். அளவைப் பெயரில் நுழைக்காமல், '21 அடி அணியறைப் படகு' என்று முன்னால் போட்டுக்கொள்ளுங்கள்.