மலை வேலை நின்ற பிறகு அம்மாவுக்கு வந்த சீனி வருத்தம் (நீரிழிவு)

எங்களுடையது மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். அம்மா 38 வருடம் கொழுந்து எடுத்தவர். காலையில் பெரட்டுக்கு (வேலைக்குப் பேர் கொடுக்கிற இடத்துக்கு) போனார் என்றால் செங்குத்து மலையில் ஏறி இறங்கி 16, 18 கிலோ கொழுந்து எடுத்துச் சுமந்துவிட்டு, பின்னேரம் வரும்போது விறகும் பொறுக்கிக்கொண்டு வருவார். காய்ச்சல், தடிமன் தவிர ஒரு வருத்தமும் வந்ததில்லை. 60 வயதில் நின்றார். ஈ.பி.எஃப். என்கிற சேமலாப நிதிக் காசு வந்ததும், "மாடா உழைச்சது போதும்மா, இனி சும்மா இருங்க" என்று பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து உட்கார வைத்துவிட்டோம். அதுதான் நாங்கள் செய்த பிழை.

வேலை நின்றதே தவிர, மலைக்குப் போகிற ஆளின் சாப்பாடு நிற்கவில்லை. காலையில் கனமாகத் தட்டிய கோதுமை மா ரொட்டி இரண்டு, மத்தியானம் குவித்த சோறும் கருவாடும், ராத்திரி திரும்பவும் ரொட்டி. அப்புறம் தேத்தண்ணி. அம்மா சீனியைக் கலந்து குடிக்க மாட்டார், உள்ளங்கையில் ஒரு கரண்டி கொட்டி வைத்துக்கொண்டு ஒரு நக்கு, ஒரு மிடறு. மலையில் இருந்த காலத்தில் நாளைக்கு இரண்டு மூன்று தரம்தான், வீட்டில் இருக்கத் தொடங்கியதும் ஆறு ஏழு தரம். இந்தக் குளிருக்கு வேறு என்ன செய்கிறது என்பார்.

இரண்டு வருடம் போனது. ஒரு ராத்திரி அடுப்படியில் காலை நீட்டிக் குளிர் காய்ந்துகொண்டு இருந்தவருக்கு, விடிந்து பார்த்தால் குதிகாலில் பத்து ரூபாய்க் குத்தி அளவு கொப்புளம். தணல் பட்டிருக்கிறது. "சுடவே இல்லப்பா" என்றார். அந்த ஒரு வார்த்தையில்தான் எனக்குப் பயம் பிடித்தது.

கிளினிக்கில் வெறும் வயிற்றில் இரத்தம் எடுத்துப் பார்த்தால் 214. 126 வந்தாலே சீனி வருத்தம் என்கிறார்கள். டாக்டர் பொறுமையாக விளக்கினார்: உடம்பு வேலை செய்யும்போது தசைகள் இரத்தத்தில் இருக்கிற சீனியை இழுத்து எரித்துவிடுமாம், வேலை இல்லாவிட்டால் அது அங்கேயே தங்கும், வயது ஏறும்போது தசையும் கரைந்துகொண்டு வரும். கால் நரம்பு கெட்டதால்தான் சூடு தெரியவில்லை. அம்மாவுக்குப் புதிதாக எந்தக் கெட்ட பழக்கமும் வரவில்லை என்பதை யோசிக்க யோசிக்க மனம் ஆறவில்லை.

இப்போது குளிசையோடு, காலையும் மாலையும் அரை மணித்தியாலம் கோயில் வரைக்கும் நடக்கிறார். ரொட்டி ஒன்று, அதுவும் பாதி குரக்கன் மா. வீட்டுக்குள்ளேயும் செருப்பு. ராத்திரி நான்தான் பாதத்தைத் திருப்பிப் பார்க்கிறேன். போன மாதம் வெறும் வயிற்றுச் சீனி 138. உள்ளங்கைச் சீனியை மட்டும் இன்னும் முழுசாக நிறுத்த முடியவில்லை. உங்கள் வீடுகளில் எப்படி?

பதில், பண்டாரவளையில் இருந்து:

தம்பி, எங்கள் மாமாவுக்கு வெற்றிலை. மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும்போது பசி தெரியாமல் இருக்க நாளைக்கு நாலு தரம் போட்டவர், வேலையில் நின்றதும் இஸ்தோப்பில் (வாசல் திண்ணையில்) உட்கார்ந்து பொழுது போக்கவே பதினைந்து தரம் போடத் தொடங்கினார். முதலில் கறி எரிகிறது என்று மாமியைத் திட்டினார், நாங்களும் காரம் கூட என்றுதான் நினைத்தோம். பிறகு ரொட்டியைக் கடிக்க வாய் திறக்கவில்லை. பேராதனைப் பல் வைத்தியசாலையில் மூன்று விரலை ஒன்றின்மேல் ஒன்றாக வாய்க்குள் வைக்கச் சொன்னார்கள், மாமாவுக்கு ஒன்றரை விரல்தான் போனது. கன்னத்தின் உள்சதை நார் மாதிரி இறுகிவிட்டது. நான் புகையிலையே போடுவதில்லையே என்று வாதாடினார். பாக்கே போதும் தம்பி, பாக்கு புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிலையம் 2004இலேயே அறிக்கை போட்டுவிட்டது. மாமாவுக்கு இன்னும் அந்த அளவுக்குப் போகவில்லை, மாதாமாதம் காட்டுகிறோம். உங்கள் அம்மா வெற்றிலை போடுவாரா?

எழுதியவர்:

போடுவார் அக்கா. சீனியைப் பார்த்த நான் அந்த வெற்றிலைப் பையைப் பார்க்கவே இல்லை. இன்று விடிந்ததும் இஸ்தோப்பில் வெளிச்சத்துக்கு உட்கார வைத்து வாயைத் திறக்கச் சொன்னேன். மூன்று விரலும் போகிறது, ஆனால் மூன்றாவதை வைக்கும்போது முகம் சுளிக்கிறார். செவ்வாய்க்கிழமை பேராதனைக்குக் கூட்டிப் போகிறேன்.